ஒன்றாம் எண் துணிகள்

மே 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் நலத்துக்கும் வாய்க்கும் குறைவு இருக்காது. போனில் கூப்பிட்டால் உன் சலவை இயந்திரத்தின் இரைச்சல்தான் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். என் தம்பி வீட்டு முகவரிக்கே பதில் போடு. ஊர் ஊராகச் சுற்றினாலும் நடுநடுவே இங்கே வந்துதான் போகிறோம்.

இதுவரை இரண்டு ஏரி, ஒரு பனிமலை, மூன்று அருங்காட்சியகம். எல்லாம் அழகுதான். மலையைப் பார்த்தபடி நிற்கும்போது, இந்நேரம் நீ கடையைத் திறந்திருப்பாயா என்று நினைப்பு ஓடுகிறது. விடுதியில் படுக்கை விரிப்பை ஒழுங்காக இஸ்திரி போடவில்லை. நாத்தனார் உன்னோடு இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்ததில் அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

உன் அண்ணன் போய் இது இரண்டாவது கோடை. பள்ளி விடுமுறையில் பாடம் எடுக்கும் வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து அழ வேண்டாம் என்று நீதான் என்னை அனுப்பினாய். வந்த இடத்தில் வீட்டு ஏக்கம் பிடித்துக்கொண்டது.

ஒரு செய்தி. தம்பி என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறான். "அங்க உனக்கு யாரு இருக்கா அக்கா? மாமாவே போயிட்டாரு" என்கிறான். பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வேலையும் பார்த்து வைத்திருக்கிறான். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
உன் அண்ணி

மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும் கடையும்.

விடுதிக்காரர் நாற்பது மேசைவிரிப்பைக் கொண்டுவந்து கொட்டி, "நாளைக்கே வேணும்" என்றார். "அப்போ நேத்தே குடுத்திருக்கணும்" என்றேன். மனிதர் அடங்கிவிட்டார். உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

தம்பி சொல்வதில் தப்பில்லை. நன்றாக யோசித்துச் செய்யுங்கள். என்னை நினைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் அறையைத் துடைத்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாயாடி

மே 20

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

நேற்று கம்பளிச் சட்டையைப் போடும்போது கழுத்துப் பட்டையின் உள்பக்கம் ஏதோ உறுத்தியது. சிவப்பு நூலில் ‘1’ என்று தைத்திருந்தது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நீ துவைத்து அடுக்கிக் கொடுத்த ஒன்பது துணியிலும் அதே எண்.

உன் கடையில் குறி போடுவது வாடிக்கையாளர் துணிக்கு மட்டும்தான். புதிதாக வேலைக்கு வந்த பெண் தெரியாமல் என் துணியில் குறி போட்டபோது என்ன சொன்னாய்? "இது வீட்டுத் துணிம்மா. வெளியார் துணி இல்ல, பிரிச்சுடு." அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அண்ணன் போனதும் நான் வெளியாள் ஆகிவிட்டேனா? முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். மனசு விட்டுப்போயிற்று. தம்பி மாதக் கடைசிக்குள் பதில் கேட்டான். அதற்கு மேலும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீ எழுதினால் சரி. இல்லையென்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

அண்ணி

மே 27

அண்ணிக்கு,

வாயாடி என்று பெயர்தான். பேச வேண்டிய நேரத்தில் எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

உங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு அண்ணன் கப்பலில் வேலை பார்த்தானே, முதல் தடவை அவன் கிளம்பும்போது அம்மாதான் அவன் துணிகளில் சிவப்பு நூலால் ‘1’ என்று தைத்தாள். அங்கே அறுபது பேர் துணியை ஒன்றாகப் போட்டுத் துவைப்பார்கள். குறி இல்லாதது கைமாறிப் போய்விடும். ஆறு தடவை போனான். ஆறு தடவையும் துணியும் வந்தது, அவனும் வந்தான்.

அந்த எண்ணை நான் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. என் கடை நோட்டில் குறி இரண்டிலிருந்துதான் ஆரம்பிக்கும். முதல் வரி காலி. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வீட்டிலேயே கிடக்கிற துணிக்குக் குறி எதற்கு? இது இவ்வளவு தூரம் போகிறது. திரும்பி வர வேண்டும் என்றுதான் தைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அண்ணனே இல்லை. அங்கே உங்கள் சொந்தத் தம்பி இருக்கிறார். நான் இழுத்துப் பிடித்ததாக இருக்கக் கூடாது என்றுதான் ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். அது பொய். சாப்பாட்டு மேசையில் ஒற்றையாக உட்காரப் பிடிக்காமல், இஸ்திரி மேசை ஓரத்தில் நின்றபடியே சாப்பிடுகிறேன்.

வந்துவிடுங்கள் அண்ணி.

வாயாடி

ஜூன் 3

என் வாயாடிக்கு,

தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இன்று அவனே பயணச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். நாளை கடைசியாக ஒரு தீவுக்குப் போகிறோம். இந்த ஒரு இடத்தையாவது நிம்மதியாகப் பார்க்கப்போகிறேன்.

பத்தாம் தேதி வருகிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒன்றாகவே வந்து சேர்ந்தாலும் சேருவோம். அறையைத் திறந்து வை. இனிமேல் நின்றுகொண்டு சாப்பிட்டால் தெரியும் சேதி.

அந்தக் காலி வரியில் எழுதிக்கொள். குறி ஒன்று. துணி ஒன்பது, ஆள் ஒன்று, ஆக உருப்படி பத்து. வந்ததும் எண்ணி எடுத்துக்கொள்.

உன் அண்ணி