பெண்கள் வாசல் தூண்

மொரப்பூர்
3.3.2025, திங்கள்

அன்புள்ள தம்பி சின்னப்பனுக்கு,

தீர்த்தகிரி சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். இங்கே நானும் மருமகள் பானுமதியும் இரண்டு எருமையும் சுகம். ஓசூரில் நீயும் உன் மகன் ஆண்டோ குடும்பமும் அப்படியே இருக்க வேண்டும்.

எதற்கு பஸ் ஏறி மொரப்பூர் வந்து எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் உனக்குக் கேட்காது. உனக்குக் கேட்கிற மாதிரி பேசினால் ஊருக்கே கேட்டுவிடும். ஊரில் ஒருத்தரையும் எழுதச் சொல்ல முடியாத சங்கதி இது. ஸ்டேஷனுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலைமணி அம்மா எழுதித் தருகிறாள். சேலத்துக்காரி. நம் ஊர் எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. பதிலை இந்தக் கடை விலாசத்துக்கே போடு. படித்துச் சொல்லுவாள்.

உன் மகள் ராஜமேரி பால்கனிப் பூட்டை உடைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. சினிமாக் கொட்டாய்ச் சங்கத்துக்குச் செயலாளராக வந்த இந்த இரண்டு வருஷத்தில் புது மிஷின் வந்தது, கூரை மாறியது, வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்து கேட்டில் நிற்கிற பழைய ஏற்பாடு திரும்ப வந்தது. போன வெள்ளிக்கிழமை என் முறை. வெளித் தீனி கூடாது என்று பொரி உருண்டையோடு வந்த பையன்களை நானே விரட்டினேன். ஆனால் கீழே இருக்கிற இருக்கை போதாது, பால்கனியும் இருந்தால்தான் புதுப்படம் தருவோம் என்று படம் கொடுக்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பழைய படத்துக்கு எவன் வருகிறான்? பால்கனி திறக்காவிட்டால் இந்த வருஷத்தோடு கொட்டாயை மூடிவிட்டுக் கல்யாண மண்டபத்துக்கு விட வேண்டியதுதான் என்று சங்கத்தில் பேச்சு.

அதனால் குருத்தோலை ஞாயிறு அன்று உங்கள் தெருவார் ஏசுநாதர் பாடுகளை நடித்துப் போடும் பாஸ்கா நாடகத்துக்கு பால்கனி திறப்பு. இரண்டு தெருப் பெண்களும் மேலே. தர்மபுரியிலிருந்து வந்த இன்ஜினியர் சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, பால்கனியைத் தாங்குகிற தூண் எப்படிக் கட்டியது, பிளான் எங்கே என்று கேட்டார். பிளானைக் கரையான் தின்று இருபது வருஷம் ஆகிறது. ராஜமேரி சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினாள். "பிளான் இவருதாங்க. எந்தத் தூணு எந்தக் கிழமைல எழும்பிச்சின்னு கேளுங்க, சொல்லுவாரு." நாலு தூணும் கம்பி போட்டு முறையாகக் கட்டியது என்று ஒரு தாளில் நான் கைநாட்டு வைக்க வேண்டுமாம். இருபத்து மூன்றாம் தேதி கூட்டம்.

பெண்கள் வாசல் பக்கத்துத் தூணைப் பற்றி உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
தீர்த்தகிரி (கைநாட்டு)


ஓசூர்
8.3.2025

அன்பு நிறைந்த தீர்த்தகிரி அண்ணனுக்கு,

சின்னப்பன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. தவக்காலம் என்பதால் வீட்டில் கறி இல்லை, மற்றபடி சுகம். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் காற்றுதான் இரைகிறது.

அண்ணா, நாற்பத்திரண்டு வருஷம் நின்ற தூண் இந்த ஒரு நாடகத்துக்கா விழப் போகிறது? பொங்கல் படத்துக்கெல்லாம் மேலே இருநூறு பேர் உட்கார்ந்து விசிலடித்திருக்கிறார்கள். ஒரு காரை பெயர்ந்ததா?

இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கம்பி இறக்காமல் விட்டது சனிக்கிழமை வேலை பார்த்த எங்கள் ஆட்கள் என்று உங்கள் தெரு சொல்லும். பார்க்காமல் ஜல்லி கொட்டியது ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்த உங்கள் ஆட்கள் என்று எங்கள் தெரு சொல்லும். கட்டினவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். இருக்கிறவர்களின் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொள்ள வேண்டுமா? ராஜமேரி புருஷனைப் பறிகொடுத்த பிறகு அந்தக் கொட்டாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். அதை நாமே தட்டிவிடுவதா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். அது பெண்கள் வாசல் தூண்தானா? உங்களுக்கும் எழுபத்தெட்டு ஆகிறது.

கர்த்தர் துணை.
சின்னப்பன்


மொரப்பூர்
13.3.2025

தம்பி சின்னப்பனுக்கு,

என் ஞாபகத்தைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் நீதான். கலைமணி அம்மா சிரிக்கிறாள். அவளுக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் கேள்.

1983, தை மாதம். யார் பணமும் இல்லாமல் ஊரார் கை உழைப்பில் கட்டிய கொட்டாய். ஞாயிறு உங்களுக்குப் பூசை. சனி எங்கள் தெருவார் இண்டூர் பக்கம் சந்தைக்குப் போகிற நாள். ஆகவே சனிக்கிழமை உங்கள் ஆட்கள், மேஸ்திரி நீ. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள், மேஸ்திரி நான். நீங்கள் செங்கல்லால் நடுவில் குழி விட்டுத் தூணை எழுப்பி, குழிக்குள் கம்பியை இறக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போவீர்கள். மறுநாள் நாங்கள் சாக்கை எடுத்து ஜல்லிக் கலவை கொட்டுவோம்.

இரண்டாவது தூணில்தான் வினை. எங்கள் தெருப் பெரியண்ணன் சாக்கைத் தூக்கிக் கம்பியை முழம் போட்டு அளந்தான். அது உன் காதுக்கு எட்டியதும் நீ கரணையை வீசி எறிந்தாய். "எங்க வேலய நீ என்னாடா மோந்து பாக்கற? நாங்க என்னா திருட்டுப் பசங்களா?" ஒன்பது நாள் வேலை நின்றது. டீக்கடையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினோம். அவர்கள் வேலையை இவர்கள் பார்க்கக் கூடாது, இவர்கள் வேலையை அவர்கள் பார்க்கக் கூடாது. அந்த வாசகம் நீ சொன்னது.

நாலாவதான பெண்கள் வாசல் தூண் எழுப்பிய சனிக்கிழமை மத்தியானம், உங்கள் தெரு சகாயராணியின் மாமனார் போய்விட்டார் என்று கோயில் மணி அடித்தது. எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினீர்கள். குழிவாயில் மட்டும் யாரோ சாக்கைப் போட்டுவிட்டார்கள். ஞாயிறு காலையில் நான் சாக்கை எடுத்தேன். உள்ளே பார்க்கவில்லை. மரியாதைக்காகப் பார்க்கவில்லை, சின்னப்பா. திங்கட்கிழமை நீயும் நானும் மணல் குமிக்குப் பின்னால் அந்தக் கம்பிக் கட்டைப் பார்த்தோம். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். அந்தக் கம்பிதான் பெண்கள் டிக்கெட் வரிசைக்கு அடைப்பாக நிற்கிறது. போதுமா என் ஞாபகம்?

காரை பெயரவில்லை என்கிறாய். அப்புறம் ஏன் படம் ஓட்டுகிற நீ, பொங்கல் படம் ஓடும்போதெல்லாம் மிஷின் ரூமைவிட்டு இறங்கி அந்தத் தூணடியில் நின்றாய்? ஏன் 2006இல் எலி என்று சொல்லி பால்கனியைப் பூட்டினாய்?

இப்போது தூணில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. போஸ்டர் தாளைக் கிழித்து, மைதாப் பசை தடவி, வெடிப்பு விரிகிறதா என்று பார்க்க அதன் குறுக்கே ஒட்டி வைத்தேன். நேற்று முன்தினம் ஒத்திகைக்கு நாற்பது பெண்கள் மேலே ஏறினார்கள். "பாம்பு, பாம்பு" என்று கத்திவிட்டேன். எல்லாரும் இறங்கி ஓடினார்கள். ராஜமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஏன் பெரியப்பா, எங்கப்பா எலின்னாரு, நீங்க பாம்புன்றீங்க. அடுத்தாப்ல புலியா?"

அவர்கள் போன பிறகு பார்த்தேன். தாள் நடுவில் கிழிந்திருக்கிறது.

தூக்கம் போய்விட்டது, தம்பி. நீ கிளம்பி வா. இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்லிவிடலாம்.

தீர்த்தகிரி (கைநாட்டு)


ஓசூர்
17.3.2025

அண்ணனுக்கு,

நான் வரவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்றால் உங்கள் மட்டில் சொல்லிக்கொள்ளுங்கள். என் பெயர் அதில் வர வேண்டாம். புருஷன் போன பிறகு ராஜமேரி மலைபோல நம்பியிருப்பது என்னைத்தான். "எங்கப்பா கட்டின கொட்டாயி" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுகிற பிள்ளை அவள். என்னை அவள் எதிரில் நிறுத்தாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பன்


மொரப்பூர்
25.3.2025, செவ்வாய்

தம்பி சின்னப்பனுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நூறு பேருக்கு மேல். மேடையில் மேசை போட்டு, தாளும் மை டப்பாவும் தயாராக வைத்திருந்தார்கள். ராஜமேரி என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினாள். அந்தக் கறுத்த விரலைத் தூக்கிக்கொண்டே, பெண்கள் வாசல் தூணில் கம்பி இல்லை என்று சொன்னேன். முதலில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

நீ பயந்தபடியேதான் ஆயிற்று. பெரியண்ணன் மகன் தர்மன் எழுந்தான். "கம்பிய வூட்டுக்குத் தூக்கிட்டுப் போனது எந்தத் தெருன்னு கேளுங்கய்யா!" உங்கள் தெரு ஆரோக்கிய பிரவீன் சும்மா இருப்பானா? "கண்ண மூடிக்கினு கொட்டனது எந்தத் தெருங்க?" நாற்காலி இரண்டு பறந்தது. இரண்டு பேருமே அப்போது பிறக்கவில்லை. பிறக்காதவர்களுக்குத்தான் எவ்வளவு கோபம் வருகிறது! நான் மேடையிலேயே உட்கார்ந்து, கம்பி எங்கேயும் போகவில்லை, டிக்கெட் அடைப்பைப் போய்த் தொட்டுப் பாருங்கள் என்றேன். நாலு பேர் நிஜமாகவே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது சத்தம் குறைந்திருந்தது. உங்கள் தெரு ஜோஸ்பின் மட்டும் எழுந்து, "அந்தத் தூணடியிலதாங்க நான் எம்புள்ளய மடியில போட்டுக்கினு படம் பாத்தேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை இன்ஜினியர் வந்து தூணில் துளை போட்டார். கலவை மாவு மாதிரிக் கொட்டியது. நூறு பேர் ஏறியிருந்தால் இறங்கியிருக்க மாட்டார்கள் என்றார். இப்போது நாலு பக்கமும் இரும்பு முட்டு கொடுத்திருக்கிறது. தூணைப் புதிதாக எழுப்ப முடியும், ஆறு மாசம் ஆகும் என்கிறார். நாடகம் கீழேயே நடக்கும், பெண்கள் பாய் போட்டு உட்காருவார்கள். அந்த ஆறு மாசம் கொட்டாய் தாக்குப் பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாது. வேலைக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் தர்மன். சனிக்கிழமையா ஞாயிறா என்று ராஜமேரி கேட்டதற்கு, "எந்தக் கெழமன்னாலும் வரேன், ஆனா உள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் கொட்டுவேன்" என்றான்.

இனிமேல்தான் உனக்கான சேதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்து எல்லாரும் போன பிறகு ராஜமேரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கப்பாவுக்கு இது தெரியுமா பெரியப்பா?"

தெரியாது என்றேன். கம்பியை நான் தனியாகப் பார்த்தேன், தனியாக மறைத்தேன் என்றேன். நம்பிவிட்டாள். அப்படியே எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. வீட்டு வழியாகப் போகிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நாடகத்துக்கு உன்னை அழைத்துவர ஓசூர் வருவாளாம், பானுமதியிடம் சொல்லியிருக்கிறாள். அவளிடம் என்ன பேசுவது என்பது உன் பாடு.

தீர்த்தகிரி (கைநாட்டு)


ஓசூர்
29.3.2025, சனி

ராஜமேரி,

உறைமேல் உன் பெயர் போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது தீர்த்தகிரி அண்ணனுக்கு. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போ, உட்கார், ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டு. நடுவில் நிறுத்தாதே.

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். எனக்கு எதுவும் தெரியாது என்று ராஜமேரியிடம் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். கம்பிக் கட்டை நீங்களும் நானும் சேர்ந்தே பார்த்தோம், சேர்ந்தே மறைத்தோம். ராஜமேரி, இதைப் படித்தாயா? பெரியப்பா சொன்னது பொய். நான் கெஞ்சிக் கேட்டதால் சொன்ன பொய். மேலே படி.

அண்ணா, உங்களுக்கும் நான் நாற்பத்திரண்டு வருஷமாக ஒன்றை மறைத்திருக்கிறேன். நாம் திங்கட்கிழமை கண்டுபிடித்தோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்தேன். பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். செத்துப்போன பெரியவருக்காக மன்றாடச் சொன்னார். அப்போதுதான் கம்பி இறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கோயிலுக்கும் கொட்டாய்க்கும் கூப்பிடு தூரம். நீங்கள் கலவை போடும் சத்தம் ஜன்னலில் கேட்டது. எழுந்து ஓடியிருந்தால் அரைத் தூண் அளவிலாவது நிறுத்தியிருக்கலாம்.

பாதி எழுந்தேன். பெரியண்ணன் அங்கே நிற்பான் என்று நினைத்தேன். "எட்டிப் பாக்காதேன்னு கரணைய வீசனவன் ஓடியாரான் பாரு" என்று சிரிப்பான் என்று நினைத்தேன். திரும்ப முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். சாமியார் கையால் நன்மை அப்பமும் வாங்கினேன். மறுநாள் மணல் குமிக்குப் பின்னால் நான் தரையில் உட்கார்ந்தது அதிர்ச்சியில் இல்லை, அண்ணா. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

உள்ளே பார்க்காதது உங்கள் மரியாதை. அதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் பாதிப் பழியை உங்கள் தலையில் சுமக்க விட்டேன். இப்போது முழுப் பழியையும் நீங்களே தூக்கிக்கொண்டீர்கள். அதைக் கீழே இறக்கி வையுங்கள்.

ராஜமேரி, நீ என்னை அழைக்க வருவதாக இருந்தாய். இதைப் படித்த பிறகும் வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நாடகத்துக்கு நான் வரலாமா, கூடாதா? வரக் கூடாது என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதை நீ மட்டும் முடிவு செய்யாதே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரைக் கேள். அவர் சொல்லட்டும், நீ எழுது.

சின்னப்பன்