வாசல் நிலையில் தொங்கிய சம்மதம்

இந்தத் தாள் யார் கையில் அகப்பட்டாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். வாப்பாவிடம் வேண்டவே வேண்டாம். இது என் உம்மாவுக்கு எழுதுவது. அவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

உம்மா, உங்கள் ஊதாப் பென்சிலால்தான் எழுதுகிறேன். தையல் பெட்டிக்குள், நூல்கட்டைகளுக்கு அடியில் கிடந்தது. நுனியை நாக்கில் தொட்டால்தான் எழுத்து தெளிவாக விழும் என்பது மறந்துபோய், முதலில் வெறுமனே கிறுக்கிப் பார்த்தேன். பிறகு நாக்கில் வைத்தேன். அந்தக் கசப்புப் பட்டதும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதும் நாட்களில் உங்கள் கீழுதடு ஊதாவாகிவிடும்.

"உம்மா, களவா நாவப்பழம் திண்டீங்களா?" என்று மூத்தவள் ராத்தா கேலி பண்ணுவாள்.

"ஓ, ஒனக்கும் ஒண்டு வச்சீக்கிறேன், வாயைத் தொற" என்று பென்சிலை நீட்டிக்கொண்டு அவளைத் துரத்துவீர்கள்.

இப்போது இந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வாப்பா கடையிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். ராத்தா தன் கலியாணத்துக்கு உடுப்புத் தைக்கிறாள். நான் பாடம் படிப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

உங்கள் சீதன வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், செல்லம்மா அக்கா வாடகைக்கு இருக்கும் வீட்டை.

நீங்கள் படுக்கையில் விழுமுன் ஒரு நாள், பதுளை முழுக்க மழை. செல்லம்மா அக்கா தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு நம் பின்கதவில் வந்து நின்றார். தங்கையின் தோளில் காய்ச்சலோடு ஒரு குழந்தை.

"தோட்டத்துல இவ புருசன் பேர வெட்டி வேலைய நிறுத்திட்டாங்கம்மா. வேல இல்லாதவனுக்கு குடியிருக்க லயத்துல காம்பரா எதுக்குன்னு தொரை கேட்டாராம். சட்டி பானையெல்லாம் ரோட்டுல கெடக்கு. எங்க முன்னறைய இவளுக்கு வாடகைக்கு விட்டுக்கிறட்டுங்களா? நீங்க வேணாம்னா இப்பவே கூட்டிட்டுப் போயிர்றேன்."

"இந்த மழைக்குள்ள எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து பென்சிலைத் தேடினீர்கள்.

எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை வாப்பாவைப் பார்க்க வந்த வழக்குப் பேசும் புரக்டர் ஐயா சொன்னதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல், குடியிருப்பவர் இன்னொருவருக்கு அறையை வாடகைக்கு விட்டால், அதையே காரணம் காட்டி வழக்குப் போட்டு வீட்டை விட்டு எழுப்பிவிடலாமாம். "வாயால சொன்னா என்னோட போயிரும் புள்ள" என்று என்னிடம் சொன்னீர்கள். தமிழ் எழுத்து உங்களுக்குத் தெரியாது. ஓதப் பள்ளியில் படித்த அரபு எழுத்தில்தான் தமிழை எழுதுவீர்கள். அப்படியே எழுதி, உள்ளேயே மெதுவாக எனக்கு வாசித்தும் காட்டினீர்கள்: "என் வீட்டு முன்னறையை செல்லம்மா தன் தங்கைக்கு வாடகைக்கு விட எனக்குச் சம்மதம்." கீழே உங்கள் பெயர், தேதி.

"இதப் பத்திரமா வைங்க. இது ஈக்கிற மட்டும் ஒங்கள ஒருத்தரும் எழுப்பேலாது" என்று கொடுத்தீர்கள். செல்லம்மா அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வாடகை ரசீதைக் கொடுக்கப் போனேன். அவர் வீட்டு வாசல் நிலையில் மஞ்சள் கயிற்றில் ஒரு பித்தளைத் தாயத்துக் குழாய் தொங்கியது.

"உங்கம்மா ஓதிக் குடுத்தாங்கல்ல, அதான். மறுநாளே புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு பாப்பா!"

அரபு எழுத்தைப் பார்த்து, மந்திரித்த தாள் என்று நினைத்துக் குழாய்க்குள் சுருட்டிப் போட்டிருக்கிறார்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உங்களிடம் சொல்லி இரண்டு பேருமாகச் சிரிக்க வேண்டும் என்று ஓடி வந்தேன். நீங்கள் இருமிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த இரவே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது மாப்பிள்ளை வீட்டார், அந்த வீடு காலியாகி ராத்தாவின் பேருக்கு வந்த பிறகுதான் நிக்காஹ் என்கிறார்கள். செல்லம்மா அக்கா சம்மதம் இல்லாமல் முன்னறையை வாடகைக்கு விட்டதாக வாப்பா வழக்குப் போட்டுவிட்டார். புரக்டர் ஐயா வந்திருந்த அன்று தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"உங்கட மனைவி ஏதும் எழுதிக் கொடுத்திருக்கிறாவோ?" என்று அவர் கேட்டார்.

"அவ எழுதறதெண்டா எனக்குச் சொல்லாம எழுதுவாவா?" என்றார் வாப்பா. அவர் பொய் சொல்லவில்லை உம்மா. அவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்தவள் தட்டோடு அங்கேயே நின்றேன். "தேத்தண்ணி ஆறுது, வச்சிட்டுப் போ புள்ள" என்றார். வைத்துவிட்டுப் போனேன்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செல்லம்மா அக்கா கூப்பிட்டார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்.

"நாளன்னைக்கு வழக்கு பாப்பா. எழுத்து இருக்கா, எழுத்து இருக்கான்னே கேக்குறாங்க. எழுத்துக்கு நான் எங்க போவேன்? வெலிமடப் பக்கம் கெழங்குத் தோட்டத்துல கூலி வேல இருக்காம். போயிரலாம்னு இருக்கோம்." பிறகு முக்காலியில் ஏறி அந்தக் குழாயை அவிழ்த்து என் கையில் வைத்தார். "உங்கம்மா ஓதுனது. எங்கள இத்தன நாள் காப்பாத்துச்சு. இனிமே தாயில்லாத புள்ளைக்கு இருக்கட்டும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கைக்குள் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

குழாயைத் திறந்துவிட்டேன் உம்மா. உங்கள் எழுத்து கொஞ்சமும் அழியவில்லை. இந்த வீட்டில் உங்கள் கையெழுத்து வேறெங்கும் இல்லை. தலையணைக்குள் இதை வைத்துக்கொண்டால் எனக்கு நீங்கள் இருப்பீர்கள், ராத்தாவுக்கு வீடு இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நீங்கள் போனதிலிருந்து தினமும் காலையில் என் தலையை வாரிவிடுவது அவள்தான். சிக்கு இருந்தால் வலிக்காமல், விரலால் பிரித்துத்தான் வாருவாள். அவளுடைய கலியாணத்தையல்லவா நான் கெடுக்கப் போகிறேன்?

ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சாக்குத்தான் தெரிகிறது.

அதனால் வேறொரு தாளில் உங்கள் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டேன். அடியில், "செல்லம்மா அக்கா, இது ஓதிய தாள் இல்லை. உம்மாவின் சம்மதக் கடிதம். உங்கள் புரக்டரிடம் கொடுங்கள். வாசிக்கத் தெரிந்தவள் நான் இருக்கிறேன்" என்று எழுதினேன். கோர்ட்டில், வாப்பாவுக்கு முன்னால் என்னை வாசிக்கச் சொல்வார்களா உம்மா? இரண்டு தாளையும் சுருட்டிக் குழாய்க்குள் போட்டாயிற்று. விடிந்ததும் பள்ளிக்குப் போகும் வழியில் கொடுத்து, திறந்து பார்க்கச் சொல்லிவிடுவேன். உங்கள் எழுத்து என்னை விட்டுப் போய்விடும். இந்தக் கசப்பு மட்டும்தான் என்னோடு இருக்கும். அது போதும் என்றுதான்

கதவு தட்டுகிறது.

"ஏய், தொற. இந்த நேரத்துல என்ன எழுத்து?"

ராத்தாதான். குழாயைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். உதட்டு ஊதாவைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், போகவில்லை. பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். உம்மா, என் நாக்கெல்லாம்