அறுபத்து மூன்று போல்ட்டும் ஓர் அட்டையும்

என் சுண்டெலிக்கு,

அப்பா நலம், நான் நலம், ஷெட்டில் இருப்பதும் நலம், அதுவும் கல் மேல் இல்லை, தன் நாலு சக்கரத்தில் நின்றுகொண்டு நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்து எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் போனில் சொல்லமாட்டாய், அந்த விஷயத்தில் நீ அசல் என் பெண். ஏனென்றால் நானும் எட்டு மாதமாக உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். போன மாதம் நீ, போல்ட்டெல்லாம் அட்டையிலேயே இருக்கா அம்மா என்று கேட்டபோது இருக்கு என்றேனே, அது பொய். போனில் சொன்னால் அதற்குப் பிறகு நீ பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதனால்தான் கடிதம். முழுசும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஜீப்பைக் கல் மேல் ஏற்றி, பழைய பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுசை மாட்ட நாளில்லாமல் வேலைக்குக் கிளம்பிப் போனாய். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும், ஒரு பெரிய அட்டையில் வண்டியைப் படமாக வரைந்து அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்திருந்தாய். யாரும் தொடாதீங்க என்று அப்பாவிடம் ஒரு தடவை சொன்னாய், என்னிடம் மூன்று தடவை சொன்னாய். அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் வலித்தது, ஆனால் சரியான கணக்குதான். நீ போன இரண்டாவது வாரம் ஷெட்டைக் கூட்டப் போனேன். உன் மேஜை, உன் அலமாரி எல்லாம் அதற்குள் அடுக்கியாகிவிட்டது, வீட்டில் உன்னுடையது என்று அடுக்க வேறு எதுவும் மிச்சமில்லை. அட்டையில் துருவும் கிரீஸுமாக அறுபத்து மூன்று போல்ட்டு. இருபது வருஷமாகக் கல்லூரி நூலகத்தில் இனம் பிரித்தே பழகிய கை சும்மா இருக்குமா. அத்தனையையும் பிடுங்கி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பளபளவென்று தேய்த்து, தடிமன் வாரியாக ஒன்பது கண்ணாடி பாட்டிலில் போட்டு லேபிளும் ஒட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த திருப்தியைச் சொல்ல முடியாது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, அடிப்பாவி, எது எங்க போகும்னு இனிமே வண்டியையா கேட்பே என்றார். அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு பல மாதம் நான் ஷெட் பக்கமே போகவில்லை. மழை தொடங்கியதும் அப்பா ஆரம்பித்தார். ஓடுற என் பைக் நனையுது, ஓடாத ஜீப்புக்கு ராஜ மரியாதை என்றார். ஒருநாள் பழைய இரும்பு எடுக்கிறவரைக் கூட்டிவந்து காட்டியும்விட்டார். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் அது தானாக ஷெட்டை விட்டு வெளியே வந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் லாரியில் ஏற்றிவிடுவோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, அது இனி எழுந்திருக்கும் என்று அவர் நம்பவில்லை. வித்துடாதீங்க அம்மா என்று நீ பஸ்ஸில் ஏறும்போது என்னிடம்தான் சொன்னாய். அதையும் காப்பாற்றவில்லை என்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன். போல்ட்டெல்லாம் குத்தியிருந்த அட்டையை நீ போட்டோ எடுத்திருந்தாயா என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் குட்டு உடையும், அந்தப் பயத்தில் கேட்கவில்லை.

அட்டையை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை, காகிதம் எதையும் போட எனக்குக் கை வராது. பீரோவுக்கு அடியில் விரித்திருந்தேன். வெளியே இழுத்துத் துடைத்தால் உன் படம் அப்படியே இருந்தது. போல்ட்டு இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஓட்டையின் அளவைப் பார்த்தால் போல்ட்டின் தடிமன் தெரிந்தது. ஓரத்தில் உன் கோழிக் கிறுக்கலில் குறிப்புகள். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் இடையில் எத்தனையோ சாயங்காலமும் ஷெட்டில் மல்லாந்து கிடந்தேன். சும்மா டார்ச் பிடிக்கத்தான் வந்தேன் என்று வந்த அப்பாதான் நாலு ஸ்பிரிங்கையும் தூக்கிக் கொடுத்தார். தெருமுனை மெக்கானிக்கை உனக்குத் தெரியும், எதற்கும் அவசரப்படாததால் எல்லோரும் நிதானம் என்று கூப்பிடுவார்களே, அவர் ஒருநாள் எட்டிப் பார்த்து, மேல இருக்கும்போதே எல்லாத்தையும் இறுக்கிடுங்க மேடம், அதான் சுலபம் என்றார். உன் அட்டையிலோ, ஸ்பிரிங் முனை போல்ட்டுகளுக்குக் கடைசி முறுக்கு வண்டி தரையில் நின்ற பிறகுதான் என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது. என் பொண்ணு இப்படி எழுதியிருக்கா என்று காட்டினேன். படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். பாரம் இறங்காம இறுக்கினா உள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழியும், உங்க பொண்ணு சொன்னதுதான் சரி, நாங்கதான் சோம்பேறித்தனத்துல அப்படிச் செய்யறது என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நான் ரசத்தில்... இல்லை, சமையலில் என்ன போட்டேன் என்றே எனக்கு ஞாபகமில்லை, கால் தரையில் பாவவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வண்டி தரையில் இறங்கியது. எட்டு மாதம் தூங்கின பேட்டரிக்கு அப்பா சார்ஜ் ஏற்றி வந்தார். எல்லாம் முடிந்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார் என்று எழுதியிருந்தாய். திருப்பினேன். இடது பக்கம் போனதும் டயரில் ஏதோ கிறீச்சென்று உரசியது. மட்கார்டு போல்ட்டு ஒன்று விரல் நீளத்துக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா, அதை அறுத்துவிட்டால் போச்சு என்று ரம்பம் எடுக்கப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு அலமாரியில் வேற்றுப் புத்தகம் இருந்தால், வேறெங்கோ அதன் இடம் காலியாகவோ தப்பாகவோ இருக்கும். தடிமனைப் பார்த்துப் பிரித்த நான் நீளத்தைப் பார்க்கவே இல்லை. இங்கே ஒன்று நீளம் என்றால் எங்கேயோ ஒன்று குட்டை. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே பின்னால் போனேன். பின்பக்கம் கயிறு மாட்டி இழுக்கிற கொக்கியில், ஒரு போல்ட்டு நட்டுக்குள் இரண்டே இரண்டு மரைச் சுற்று மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கொக்கியில் ஏதாவது மாட்டி இழுத்திருந்தால் பிய்த்துக்கொண்டு யார் மேல் பாய்ந்திருக்குமோ. இரண்டையும் இடம் மாற்றினேன்.

மறுநாள் காலையில் இரும்புக்காரர் சொன்னபடி லாரியோடு வந்தார். இராத்திரி பெய்த மழையில் நம் கேட்டுக்குப் பக்கத்து மண் ஊறிக் கிடந்தது, லாரியின் பின்சக்கரம் பாதி இறங்கிவிட்டது. முறுக்க முறுக்க இன்னும் புதைந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது முயற்சியில் வண்டி இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. ஷெட்டை விட்டு வெளியே வந்து, நாலு சக்கர இழுவைக்கு மாற்றி, லாரிக்கு முன்னால் பின்பக்கம் காட்டி நிறுத்தினேன். வண்டி இழுக்க நீ வைத்திருக்கும் மஞ்சள் பட்டையின் ஒரு முனையை லாரியிலும் மறு முனையை நம் கொக்கியிலும் அப்பா மாட்டினார். எல்லாரும் தள்ளி நில்லுங்க என்று கத்தினேன், என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். மெதுவாக நகர்த்தினேன். பட்டை விறைத்தது, கொக்கி அசையவில்லை, லாரி வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. இரும்புக்காரர் சேற்றைத் துடைத்தபடி, என்னங்க, ஏத்திட்டுப் போக வந்தவனையே இழுத்து விட்டுட்டீங்களே என்று சிரித்தார். அப்பா அவரிடம், இது விக்கிறதுக்கில்லீங்க, என் பொண்ணு வண்டி என்று, ஏதோ வேறு யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்ட மாதிரி சொன்னார். சாயங்காலமே பைக்குக்கு ஒரு தார்ப்பாய் வாங்கிவந்து, தானே கட்டினார்.

இதையெல்லாம் நான்தான் செய்தேன் என்று பெருமையடிக்க எழுதவில்லை, கொஞ்சம் பெருமை உண்டு, அது இருக்கட்டும். கூட யாரும் இல்லாமல், நேரமும் இல்லாமல், அடுத்து வருகிறவர் ஒன்றும் தெரியாதவராக இருந்தாலும் புரியட்டும் என்று நீ எழுதி வைத்திருக்கிறாயே, அதை நினைத்துத்தான் நெஞ்சு நிறைகிறது. நேற்று நிதானம் வந்து, அந்த அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா மேடம், கடைப் பசங்களுக்குக் காட்டணும் என்றார். எடுத்துக்கங்க, தொடாம எடுங்க என்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடி போடாமல் எந்த வண்டிக்கு அடியிலும் படுக்காதே, துரு கண்ணில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். நல்ல வேலையும் நல்ல மனிதர்களும் உன்னைச் சுற்றி எப்போதும் இருக்கட்டும், தீர்க்காயுசாக இரு. அச்சைப் பிடிக்கிற போல்ட்டுகளை முந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி இறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய், மறக்கவில்லை. இதுவரை நாற்பத்தொன்று ஓடியிருக்கிறது. மிச்சத்தை நீ லீவில் வந்து ஓட்டு. ஸ்பேனரை நான் எடுத்துத் தருகிறேன், எது எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத்தான் தெரியும்.

மூன்று தடவை சொல்லியும் தொட்டுவிட்ட,
உன் அம்மா