அச்சு கோணல் இல்லீங்க

ஏனுங்க, நேற்று சோளக்காடு பஸ் ஸ்டாப் டீக்கடையில ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். கால் வந்து சேரும் பொருத்துல விரலை விட்டேன். ஊறிப்போன காகித அட்டை நார் நாராகக் கையோட வந்தது. பசையும் சிந்தின டீயும் சேர்ந்து புளிச்ச நாற்றம். சோப்பு போட்டு மூணு தடவை கழுவிட்டேன், சோத்துல கை வைக்க இன்னும் மனசு வரலை. நீங்க செஞ்ச நாற்காலியோட லட்சணம் இதுதான்னு ஊர் சொல்லிக்கிட்டு இருந்தது.

அது நீங்க செஞ்சது இல்லை. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும்போது பாதி வளைவு தாண்டுறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க, ஆறு மாசம் ஆச்சு. நாற்காலிக் கால்களை நிறுத்திப் பிடிக்க நீங்க செஞ்சு வெச்ச அச்சுல, உங்க தம்பி அடிச்ச நாற்காலி அது.

அந்த அச்சு வந்த கதை உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அதுக்கு முந்தி நான்தான் உங்களுக்கு அச்சு. நாலு காலையும் ரெண்டு கையாலயும் ரெண்டு முழங்காலாலயும் இடுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், நீங்க பசை தடவிச் சட்டத்தை இறக்குவீங்க. "மூச்சு விடாத அம்மிணி"ம்பீங்க. "மூச்சு விடாம நான் போயிட்டா காலை யாரு பிடிப்பாங்களாமா"ன்னு கேட்பேன். ஒரு நாள் மிளகு காயப்போட்டிருந்த பக்கமிருந்து காத்து அடிச்சு எனக்குத் தும்மல் வந்துருச்சு. நாலு காலும் நாலு பக்கம் போச்சு. பசை உங்க மீசையில. அன்னைக்குச் சாயங்காலமே பழைய கதவுப் பலகை ஒண்ணை எடுத்துப் போட்டு அச்சு செய்ய உட்கார்ந்தீங்க.

மூணு தடவை செஞ்சு மூணையும் உடைச்சீங்க. நாலாவதுதான் நின்னது. பலகை மேல நாலு மூலையிலும் கட்டை. கட்டைக்கும் காலுக்கும் நடுவுல செருக விரல் நீளத்துல நாலு ஆப்பு. முன்னங்காலுக்கு மெல்லிசு, பின்னங்கால் சாயணும்னு அதுக்குத் தடிசு. நாலையும் செருகிட்டா கால் அசையாது, சட்டத்துக்குப் போடுற துளை தப்பாது. "கை ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும், இது எந்நாளும் ஒண்ணாத்தான் இருக்கும்"னீங்க. முதல் நாற்காலியில என்னை உட்கார வெச்சு, கையில ததும்பத் ததும்ப டீயைக் கொடுத்து, "இப்பத் தும்மு பாக்கலாம்"னீங்க.

நீங்க போன மூணாம் நாள் விடாத மழை. துக்கம் கேட்க ஆலத்தூர் நாட்டு ஊர்கள்ல இருந்து உங்க சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தாங்க. விறகு ஈரம், அடுப்புல புகைதான் வருது. பட்டறைக்குள்ள போய்க் கையில கிடைச்ச காஞ்ச சில்லையெல்லாம் அள்ளிக்கிட்டு வந்து போட்டேன். பத்திக்கிட்டு எரியும்போதுதான் பார்த்தேன், தடிச்ச ஆப்பு ரெண்டும் அதுக்குள்ள கிடந்தது. குச்சியால தள்ளி வெளியே இழுத்திருக்கலாம். இழுக்கலை. வந்தவங்களுக்கு டீ கொதிக்கட்டும்னு விட்டுட்டேன்.

காரியம் முடிஞ்சதும் உங்க தம்பி அச்சைத் தூக்கிட்டுப் போக வந்தார். டீக்கடைக்கு எட்டு நாற்காலி சொல்லியிருந்தாங்களாம். "அண்ணி, இதுக்கு ஆப்பு நாலு இருக்கோணுமே, ரெண்டுதான இருக்குது?"ன்னார். எனக்குத் தெரியலைங்கன்னு சொன்னேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன். "போச்சாது உடுங்க, கடைக்காரன் கவுத்தா பாக்கப்போறான்"னுட்டு எடுத்துக்கிட்டுப் போனார். ஆப்பு இல்லாட்டிப் பின்னங்கால் ஆடும்னு அவருக்குத் தெரியும். புதுசா ரெண்டு சீவ அரை நாள் ஆகாது. சீவலை. கோணலா விழுந்த துளையில அட்டையை மடிச்சுத் திணிச்சு, மேல வார்னிஷ் அடிச்சுக் கொடுத்துட்டார்.

போன வாரம் மிளகு மூட்டையோட பஸ்ஸுக்கு நிக்கும்போது, கடையில ஒரு பெரியவர் நாற்காலியோட சாய்ஞ்சு விழுந்தார். அடி பெருசா இல்லை. கடைக்காரர் உங்க தம்பியைப் பிடிச்சுத் திட்டினார். உங்க தம்பி வெத்தலையைத் துப்பிட்டு, "நான் என்ன பண்றதுங்க, எங்கண்ணன் போட்ட அச்சே கோணல்"ன்னார். பக்கத்துல ஒருத்தர், "செத்தும் ஊரையே கோணலா உக்கார வெச்சுட்டாரப்பா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. உங்க தம்பியும் சிரிச்சார். நீங்க போட்ட சோத்தைத் தின்ன வாய். அச்சு கோணல் இல்லைன்னு சொல்ல ஒரு அடி எடுத்து வெச்சேன். ஆனா நான் வாயைத் திறந்தா, ஆப்பு எங்க போச்சுன்னு சொல்லணும். பஸ் வந்தது, ஏறிட்டேன். ஊடு வந்து சேரும் வரைக்கும் அவரை விட என் மேலதான் எனக்கு அருவருப்பு.

ஒரு வாரம் பொறுத்தேன், முடியலை. நேற்று, கடையில கூட்டம் இருக்கிற நேரமாப் பார்த்தே போனேன். உங்க தம்பியும் இருந்தார். நாற்காலியைக் கவிழ்த்து, அட்டையைப் பிய்ச்சு மேசை மேல வெச்சேன்.

"அச்சு கோணல் இல்லீங்க. அதுல ரெண்டு ஆப்பு இல்லை. அடுப்புல போட்டவ நான்தான். கேட்டப்பத் தெரியாதுன்னு பொய் சொன்னதும் நான்தான். இல்லைன்னு தெரிஞ்சே அட்டையத் திணிச்சது இவருங்க."

"கடையில நின்னு என்ன பேச்சு அண்ணி, ஊட்டுல பேசிக்கலாம் வாங்க"ன்னார் உங்க தம்பி. கடைக்காரர் அட்டையைக் குச்சியால தள்ளிப் பார்த்துட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். மூலையில இருந்து யாரோ, "புருசன் பொழப்ப அடுப்புல வெச்சு டீ போட்டிருக்குதாமா"ன்னாங்க. மறுபடியும் சிரிப்பு. அதே வாய்கள்தான். டீயை உறிஞ்சிக்கிட்டே சிரிக்கிற அந்த முகங்களைப் பார்க்கவே எனக்குக் கூசிச்சு. அழலைங்க.

அச்சைத் திருப்பி வாங்கி ஊட்டுல கொண்டாந்து வெச்சுட்டேன். உங்க தம்பியை மன்னிச்சுட்டேன்னு எழுதினா அது பொய். என்னை மன்னிங்கன்னும் உங்களைக் கேட்கலை.

இன்னைக்குக் காலையில தண்ணிக்குப் போனேன். பின்னால ரெண்டு பேர், "அடுப்புல வெச்சவ போறா பாரு"ன்னு பேசிக்கிட்டு வந்தாங்க. நான் திரும்பலை. கோணல்னா இனி யாரும் உங்க பேரைச் சொல்ல மாட்டாங்க, என் பேரைத்தான் சொல்லுவாங்க. சொல்லட்டும். குடத்தோட சேர்த்து அதையும் சுமந்துக்கிட்டுத்தான் ஊடு வந்தேனுங்க.