நூற்றுக்குக் கீழே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் சௌக்கியம் தெரியாமல் அந்த வார்த்தை பாதியிலேயே நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, தம்பி புது வேலையில் சேர்ந்ததிலிருந்து மேலாளரைத் திட்டாமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை, மாடி வீட்டுக்காரர் குழாயை இன்னும் சரிசெய்யாததால் நம் குளியலறைச் சுவர் ஊறிப்போய்க் கிடக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும். போனில் ஒரு நிமிடத்தில் சொல்வதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது, முழுசாகப் படி.

உன் கண்ணுக்குள் ரத்தக்கசிவு ஆரம்பித்திருக்கிறது என்று நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வரும் கண் டாக்டர் சொன்னதை அம்மாவிடம் மட்டும் சொல்லி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாயாம். உன் அம்மா வாயில் என்றைக்கு ரகசியம் தங்கியிருக்கிறது? அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற பிள்ளைக்கே கண்ணில் கோளாறா? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உனக்கு இந்தச் சர்க்கரை வியாதி வந்தது, அப்போதுகூட ஊசி இருக்கிறது பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாக நின்றவன் நான். இப்போது வேலையிடத்தில் பாய்லர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதற்கப்புறம்தான் உன் பதினாலு நாள் சர்க்கரை வரைபடத்தை அனுப்பினாய். உங்கள் ஊர் டாக்டர் சராசரியை மட்டும் பார்த்து, கொஞ்சம் அதிகம், குறைச்சுக்கோங்க என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார் என்றும், கையில ஒட்டியிருக்கிற சர்க்கரை சென்சார் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு நம்பர் குடுக்குது, அதைப் படிச்சுச் சொல்லத்தான் ஒரு ஆள் இல்லப்பா என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான் இத்தனை வருஷமாக பாய்லர் பார்க்கிறேன், அங்கே படுக்கிறவர்களின் விரிப்பெல்லாம் என் நீராவியில்தான் வெளுக்கிறது, ஆனாலும் மேல்மாடிக்குப் போனால் நான் யாரோ. சீட்டு கொடுக்கிற அம்மா, பேஷண்ட் எங்கே என்று கேட்டார். ரொம்ப தூரத்தில் என்றேன். அப்போ கூட்டிட்டு வாங்க என்றார். சென்சார் கம்பெனிக்குப் போன் போட்டால், மெஷின் நல்லா வேலை செய்யுது சார் என்று என்னையே வாழ்த்துகிறான். சர்க்கரை டாக்டரை லிஃப்டில் மடக்கினேன். மனுஷன் தாளைப் புரட்டிப் பார்த்து, இவங்க என் பேஷண்ட் இல்லையே, நான் எதையாவது சொல்லி ஏதாவது ஆச்சுன்னா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. யார் காலில் விழுவது என்று தெரியாமல்தான் நின்றேன், தெரிந்திருந்தால் விழுந்திருப்பேன்.

கடைசியில் சர்க்கரைப் பிரிவு நர்ஸம்மாவை டீக்கு வெளியே வந்த இடத்தில் பிடித்தேன். மருந்தளவு பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அது அங்க இருக்கிற டாக்டர்தான் சொல்லணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் தாளை வாங்கினார். டீ ஆறும்வரை பார்த்தார். பிறகு விரலை வைத்து, இங்க பாருங்கண்ணே, கோடு இறங்கி வருது, நூத்திமுப்பது கிட்ட வந்ததும் திடீர்னு ஏறுது, மறுநாளும் இப்படியே, உங்க பொண்ணு எதுக்கோ பயந்து முன்னாடியே சாப்பிட்டுடுது, ஒரு நாளும் நூத்துக்குக் கீழ போக விடல, போனா என்ன ஆகும் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், அவள் சென்சார் நம்பர் என் போனிலும் வரும், நூறுக்குக் கீழே போனால் மணி அடிக்கும், உடனே கூப்பிடுவேன், எடுக்காவிட்டால் எடுக்கும்வரை கூப்பிடுவேன், கடை முதலாளிக்கும் கூப்பிடுவேன் என்று. மணியை நூறுல யார் வெச்சது என்றார். நான்தான். போன வருஷம் சர்க்கரை தாழ்ந்து நீ கடையில் மயங்கி விழுந்து, இரண்டு நாள் உன் குரலைக் கேட்காமல் நாங்கள் செத்துப் பிழைத்தோமே, அன்றைக்கு வைத்தது. பாய்லரில் தண்ணீர் அபாயக் கோட்டைத் தொடும்வரை சும்மா இருக்கிறவன் முட்டாள், இரண்டு விரல் மேலேயே உஷாராக வேண்டும் என்று பழகியவன், அதே கணக்கை உன் மேலும் போட்டுவிட்டேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை. எழுபதுக்கு மேல நல்ல நம்பர்தாண்ணே, நீங்க நல்ல நம்பருக்கெல்லாம் போன் பண்ணிட்டிருக்கீங்க என்றார்.

அம்மாடி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டதே. வாடிக்கையாளர் மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டிருக்கும்போது அப்பா போன் அடித்துவிடக் கூடாது என்று நீ பிஸ்கட்டைப் பிரித்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொன்னாயா? அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, வேற என்னன்னு அங்க ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும் என்று நர்ஸம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். என் மனசு ஆறவில்லை. அப்படிச் சர்க்கரை ஏறி ஏறித்தான் உன் கண்ணைத் தொட்டதோ என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மறுபடியும் போ. டாக்டர் தேதி மாதக்கணக்கில் தள்ளியிருந்தால் சர்க்கரை நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேள். சராசரி வேண்டாம், கோட்டை நாள் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேள். என்ன சாப்பிட்டாய், எப்போது ஊசி போட்டாய், எவ்வளவு நடந்தாய் என்று குறித்துக்கொண்டு போ. கண்ணில் ஆரம்பித்திருப்பதையும் சொல், அப்பா போனுக்குப் பயந்து தின்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல், என் மானம் போனால் போகட்டும். வாய் விட்டுக் கேட்க உனக்குக் கூச்சம் என்று தெரியும். அழுதாவது கேள், அழுத பிள்ளைக்குத்தான் பால். உன்னோடு அறையில் இருக்கிற பெண்ணின் போனிலும் உன் சர்க்கரை நம்பர் வருகிற மாதிரி செய், நிஜமாகவே தாழ்ந்தால் சர்க்கரையை உன் வாயில் போட அவள் கைக்குத்தான் எட்டும். நான் இங்கிருந்து தொண்டை கிழியக் கத்தி என்ன பிரயோஜனம்? என் மணியை நர்ஸம்மா முன்னாலேயே எழுபதுக்கு இறக்கிவிட்டேன். இறக்கினேன் என்று எழுதுவது சுலபம், விரல் வரவில்லை, அவர்தான் அழுத்தினார்.

நீ நீண்ட ஆயுளோடு, கண் நிறைந்த பார்வையோடு இருக்க வேண்டும். அம்மாவும் நானும் வேண்டுவது அது ஒன்றுதான். பையில் குளுக்கோஸ் மாத்திரை இல்லாமல் வாசல்படி தாண்டாதே. படிக்க ஆள் கிடைத்ததும் முதல் வேலையாக எனக்கு ஒரு வரி எழுது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா.

இதை உறையில் போடப் போகும்போது போனைப் பார்த்தேன். உன் நம்பர் தொண்ணூற்றிரண்டு, இறங்குகிறது என்று பக்கத்து அம்பு கீழே சாய்ந்திருக்கிறது. மணி அடிக்கவில்லை. இப்போது எண்பத்தேழு. இது நல்ல நம்பர் என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், ஆனால் போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அவளும் அதையேதான் பார்க்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். எண்பத்திநாலு. நான் இன்னும் கூப்பிடவில்லை, கண்ணு.