ஆனைக்கு முன்னால் ஒரு பெல்பாட்டம்

மச்சான்,

நேற்று தேன்கனிக்கோட்டை சாலையில் அந்தப் பழைய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெங்களூர்ப் பையன்கள் நாலைந்து பேர் கியர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தலைக்குக் கவசம், முழங்காலுக்குக் கவசம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. படையெடுத்து வந்தவர்கள் டீ குடிக்க ஒதுங்கியதைப் போல இருந்தது. அதில் ஒருவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பேசிக்கொண்டே பெடலைக் காலால் பின்னோக்கிச் சுழற்றினான்.

டிக், டிக், டிக், டிக்.

டீ முழுவதும் என் வேட்டியில். "என்னாச்சு அங்கிள்?" என்று பதறினான். "டீயில சர்க்கரை போதலை தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தச் சத்தம் கேட்டால் சிங்காரப்பேட்டையில் பிறந்த இந்தச் சிங்கம் இன்றைக்கும் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அவனிடம் சொல்ல முடியுமா?

மலையில் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள் உலகத்தில் உண்டு என்பது அன்றைக்கு நமக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசி. நாம் வேலை பார்த்த ஓசூர்த் தொழிற்பேட்டையில் பாதி ஷெட்டுகளுக்கு அப்போதுதான் கூரை ஏறிக்கொண்டிருந்தது. நீ உன் சைக்கிளின் மட்கார்டைக் கழற்றினாய், ஸ்டாண்டைக் கழற்றினாய், செயின் கவரைக் கழற்றினாய். மலைச் சரிவில் இறங்கக் கனம் குறைய வேண்டுமாம். ஃபோர்க்குக்கு மட்டும் இன்னொரு கம்பி வைத்து வெல்டிங் அடித்தாய். பெல்லையும் நீ கழற்றியபோது நான் கேட்டேன்.

"பெல்லு கூடவா வேணாம்?"

"காட்டுல யாருக்கு மாப்ளே பெல் அடிக்கப் போற? ஆனைக்கா?"

சொல்லிவிட்டு என்னைக் கேட்காமலே என் சைக்கிளையும் அதேபோல உரித்து வைத்தாய். உன் தங்கையை நான் கட்டிய புதிது. வரமாட்டேன் என்றால் அந்தச் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆகவே முகம் மட்டும் சிரிக்க, புத்தம் புது பெல்பாட்டம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதன் கீழ்வாய் ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம்.

பஸ் கூரையில் சைக்கிள்களைப் போட்டு அஞ்செட்டியில் இறங்கினோம். அங்கிருந்து காவிரிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் அந்தத் தடம் உனக்கு நினைவிருக்கும். இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த ஒன்றுமில்லாததற்கு அடியில் எங்கேயோ காவிரி, யாரோ தவறவிட்ட வெள்ளை நூல் மாதிரி கிடந்தது. தடத்தின் நடுவே சாணி இருந்தது.

"இது என்னா மச்சான், ஆவி பறக்குது?"

"பழசு."

"பழசுல எப்பிடி ஆவி வரும்?"

"பனி மாப்ளே. வாய மூடிட்டு வா."

வெயில் ஏறிய பிறகு என்ன பனி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

அந்தச் சரிவில் விறகுக்காரர்கள் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி, தரையில் இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். பிரேக் கட்டை தேயாமல் கிளையே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கற்றாழை நாரில் சுருக்கு முடிச்சு. ஒரு இழுப்பில் கிளை தனியாக வந்துவிடும். நாம் அப்படிக் கட்டுவோமா? அசெம்பிளியில் நட்டுக்கு மேல் நட்டு முடுக்கியே வளர்ந்த கைகள். இரண்டு சைக்கிளிலும் கட்டுக்கம்பியைச் சுற்றி, பிளேயரால் முறுக்கு முறுக்கு என்று முறுக்கினாய்.

"எமனே வந்து இழுத்தாலும் இனிமே அவுராது" என்றாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு இன்ஸ்பெக்டர்கள் பாஸ் பண்ணிய வேலை மாதிரி இருந்தது.

கொஞ்ச தூரம்தான் இறங்கியிருப்போம். நீ முன்னால் ஒரு திருப்பத்தைத் தாண்டினாய். என் பெல்பாட்டம் செயினுக்குள் போயிற்று. கவர் இல்லாத செயின் அல்லவா, அது துணியைத் தின்றது. துணியோடு கணுக்காலையும் பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கவ்விக்கொண்டது. நான் விழுந்தேன், என் மேல் சைக்கிள் விழுந்தது, இழுத்து வந்த கிளை பின் சக்கரத்துக்குள் புகுந்து கம்பிகளுக்கிடையில் நட்டுக்கொண்டது. என் அலறலில் கர்நாடகத்துப் பக்கத்துக் குரங்குகள் எல்லாம் ஆந்திராவுக்குப் போயிருக்கும். நீ உன் சைக்கிளைத் திருப்பத்தில் சாய்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தாய்.

"இதுக்குத்தான் டிரவுசர் போட்டு வாடான்னேன்."

அப்போது உன் முதுகுக்குப் பின்னால் மூங்கில் முறிந்தது.

முதலில் தும்பிக்கை வந்தது. பிறகு தலை வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தது. கிருஷ்ணகிரி மலை கோட்டையோடு சேர்ந்து எழுந்து நடந்து வருகிறது என்று நினைத்தேன். அதன் காலடியில் ஒரு குட்டி. அந்தக் குட்டியைப் பார்த்ததும்தான் நீ சிரிப்பை நிறுத்தினாய். தாய் நேராக உன் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நம்முடைய பிளேயர் அந்தச் சைக்கிளில் தொங்கிய பையில் இருந்தது.

நீ என்னைத் தாண்டினாய். மேலே தடம் காலியாகக் கிடந்தது. நீ இரண்டு எட்டு வைத்ததை நான் பார்த்தேன் மச்சான். அந்த நேரத்துப் பயத்தை எந்தக் கதையிலும் என்னால் பெரிதாக்கிச் சொல்ல முடிந்ததில்லை. அது ஏற்கெனவே அதற்கு மேல் பெரிதாக முடியாத அளவில் இருந்தது. பிறகு நீ திரும்பி வந்து என் காலடியில் குந்தினாய்.

பின் சக்கரத்தைப் பின்னால் உருட்டினால் சத்தமில்லாமல் துணி வெளியே வந்திருக்கும். சக்கரம் அசையவில்லை. கிளையை உருவலாம் என்றால் கம்பி விடவில்லை. எமனுக்காகக் கட்டியது நமக்கும் அவிழ மறுத்தது. மிச்சமிருந்தது ஒரே வழி, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றுவது. சுற்றினாய்.

டிக்.

விசிறிக்கொண்டிருந்த ஆனையின் காதுகள் அப்படியே நின்றன.

"போயிருடா" என்றேன் நான். நிஜமாகச் சொன்னேனா, நீ போய்விடக் கூடாதே என்று சொன்னேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சும்னிரு" என்றாய், சும்மா இரு என்று. பயம் வந்தால் உனக்குப் பாகலூர்க் கன்னடம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு தமிழில், என் காதுக்குள், "உன்ன விட்டுட்டுப் போயி அவகிட்ட என்னா சொல்றது? இந்த ஆனையே தேவல" என்றாய்.

காற்று வந்து மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிடும்போதெல்லாம் பெடலை ஒரு பல் அளவுக்கு நகர்த்தினாய். காற்று நின்றால் நீயும் நின்றாய். காது விசிறும், மறுபடி ஒரு டிக், காது நிற்கும். உன் இன்னொரு கை என் கணுக்காலைச் சுற்றிப் பிடித்திருந்தது. குட்டி நம் பக்கமாக நாலு அடி எடுத்து வைத்தது. தாய் ஒரு உறுமல் உறுமியது. நான் படுத்திருந்த கல்லெல்லாம் அதிர்ந்தன.

பிறகு அது தும்பிக்கையால் உன் சைக்கிளைத் தடவியது. சீட்டை முகர்ந்தது. நீ ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வெல்டிங் அடித்த சைக்கிள். வேண்டாத சாமானை ஒதுக்குவது மாதிரி முன்னங்காலால் ஒரு தள்ளு. உன் சைக்கிள் அந்த ஒன்றுமில்லாததற்குள் போயிற்று.

அது விழுந்துகொண்டே இருந்தது மச்சான். பாறையில் இடித்தது, கிளையில் இடித்தது, மறுபடி பாறை. நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தது நாம் என்று எண்ணிக்கொண்டு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்கும்வரைதான் நேரம் என்று பெடலைக் கிறுகிறுவென்று சுழற்றினாய். டிக்டிக்டிக் எல்லாம் அந்தக் கடகடப்பில் கரைந்துபோயிற்று. கீழே கடைசிச் சத்தம் கேட்கும்போது என் கால் என்னிடம் இருந்தது.

தவழ்ந்தே மேலே ஏறினோம். ஆனை நம்மைத் தேடி வரவில்லை. குட்டியைக் கூட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இறங்கிவிட்டது. உச்சியில் பாறைமேல் மல்லாந்து கிடந்து நீ சொன்னாய்: "அவ்ளோ கீழ விழுந்தும் கிளை மட்டும் அவுந்திருக்காதுடா, பாத்துக்க. கட்டு அந்த மாதிரி." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. குப்புறத் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

போன மாதம் உன் காரியத்தன்று சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையைக் கேட்டார்கள். சொன்னேன். இந்தத் தடவை ஆனைகள் ஏழு. நீ ஒன்றின் தந்தத்தைப் பிடித்துத் தொங்கிக் கன்னடத்தில் திட்டினாய், அது வெட்கப்பட்டுக் காவிரியைத் தாண்டிக் கர்நாடகத்துக்கே போய்விட்டது. உன் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். இலையெல்லாம் எடுத்த பிறகு உன் தங்கை என்னிடம் வந்தாள்.

"எல்லாத்தையும் கூட்டிக் கூட்டிச் சொல்றீங்க. ஆனா ஏதோ ஒண்ண மட்டும் எப்பவும் சொல்லாம வுட்டுர்றீங்க."

"என்னாத்த வுட்டேன்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மைதான். பயமே தெரியாதவன் என்று ஊரே உன்னைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எப்படிச் சொல்வேன்? என் கணுக்காலைப் பிடித்திருந்த உன் கை நடுங்கியது. என் காலைவிட அதிகமாக நடுங்கியது. அந்த நடுக்கத்தில் என் எலும்பே ஆடியது. இதில் நான் எதையும் கூட்டவில்லை. ஆனால் விரல் ஒன்றுகூடத் தளரவில்லை, மச்சான். இப்போதும் பயம் என்று ஒன்று வரும்போது, அது வராத நாள் இந்த வயதில் எனக்கு ஏது, முதலில் கணுக்கால்தான் சூடாகிறது. ஐந்து விரலும் அங்கே இருக்கின்றன. நடுங்கிக்கொண்டு, விடாமல்.