நொந்துபோன வியாபாரி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நான், அப்பா, பெயிண்ட் கடை மூவரும் சுகம். மூவரில் கடைக்குத்தான் உடம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேறியிருக்கிறது. நீ சுகமாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசியபோதே தெரிந்துவிட்டது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்று இத்தனை வருஷமாக உனக்குத் தெரியாததற்கு நான் என்ன செய்ய. கடைக்காரர்கள் சரக்கு வாங்க நீங்கள் செய்த ஆர்டர் ஆப்புக்கு "நொந்துபோன வியாபாரி" என்ற பெயரில் யாரோ வாராவாரம் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறார்களாம், மேலதிகாரி டீம் லீடான உன்னைக் குடைகிறாராம், எவனோ வேலைவெட்டி இல்லாத கிழவன்ப்பா என்றாய். கிழவன் இல்லையப்பா, உன்னைப் பெற்றவள்தான். அப்பாவுக்கு முன்பே தெரியும், அதனால்தான் அன்றைக்கு அப்படி இருமினார். சளி கிளி ஒன்றும் இல்லை, பயப்படாதே.

இதை இப்படியே மறைத்திருப்பேன், திட்டுவதும் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆப்பில் ஆர்டர் போடும் திரையைச் செய்தவரை, கூட்டத்தில் வாயே திறக்காததால் மௌனசாமி என்று நீங்கள் பெயர் வைத்திருக்கும் அந்த இரண்டு பிள்ளைக்காரரை, வெள்ளிக்கிழமை டீமை விட்டே தூக்கப் போவதாகச் சொன்னாயே, அதைக் கேட்டதும் கையிலிருந்த பிரைமர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் திட்டியது எதற்கு? ஆர்டரை உறுதி செய்யும் பட்டனை ஒட்டினாற்போல ரத்து செய்யும் பட்டன் இருக்கிறது, என் கட்டைவிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று தடவை இருபது டின் வெள்ளை ரத்தாகி, எதிர்க்கடைக்காரரிடம் பல்லைக் காட்டிச் சரக்கு வாங்கி வந்தேன். போன லீவில் நம் கல்லா மேசையில் சாய்ந்துகொண்டு, பட்டனை இங்க வச்சது என் ஐடியாம்மா, மௌனசாமி கூட வேண்டாம்னு முனகினாரு, நான்தான் கேக்கலன்னு பெருமையாகச் சொன்னது யார்? வாயே திறக்காத மனுஷர் ஒரே ஒரு தடவை திறந்திருக்கிறார், அதையும் நீ மூடியிருக்கிறாய்.

எனக்கும் அன்றைக்கே பிடிக்கவில்லை. உன் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பிரமாதம்டா என்று சொல்லித் தொலைத்தேன், அதைச் சரிக்கட்டத்தான் இந்தப் புனைபெயர். பெற்றவளே பெயரை மாற்றிக்கொண்டுதான் உன்னிடம் உண்மை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், உன் கீழே வேலை பார்க்கிறவர் எப்படிச் சொல்வார்? கடை ஆரம்பித்த புதிதில் நான் ஆசைப்பட்டு இறக்கிய கிளிப்பச்சை ஒரு டின் கூட விற்கவில்லை. பழியை நம் கடையில் வேலை பார்த்த விற்பனையாளர் தலையில் போட்டு அவரை வெளியே அனுப்பினேன். அவர்தான் இன்றைக்கு எதிர்க்கடைக்காரர். வெள்ளை கேட்டுப் போகும்போதெல்லாம், கிளிப்பச்சை வேணுமாக்கா என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறார்.

தபால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்று, அப்பாவை இதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், எழுத்து மங்கலாக இருந்தால் அவரைத் திட்டு. அன்றைக்குக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், பட்டன் என் ஐடியாதான் என்று சொல்லிவிடு, பிறகு மௌனசாமி காட்டுகிற இடத்தில் வை. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் உன்னை நம்பி இருப்பவர்களும் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஆர்டர் போடுவேன், ஞாபகம் இருக்கட்டும். பட்டன் அதே இடத்தில் இருந்தால் ஒற்றை நட்சத்திரம்தான், அதில் பெற்ற பாசமெல்லாம் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நொந்துபோன வியாபாரி